கிளேசியர் தேசியப் பூங்காவும் சிவப்புப் பேருந்தும்: பர்கூர்க் கல் தொழிலாளியின் மதிப்பீடு

பர்கூர்ப் பக்கம் கல் குவாரித் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்துவிட்ட எனக்கு, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவைப் பார்க்கும் ஆசை பனியைவிடப் பாறையால்தான் வந்தது. சென்ற ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் என் மனைவியும் அங்கே இரண்டு நாட்கள் தங்கினோம். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் பலருக்கும் பயன்படும் என்பதால், அங்கே ஓடும் சிவப்புப் பேருந்தைப் பற்றியும் வழியில் காணக்கூடியவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

1936 முதல் 1939 வரை செய்யப்பட்ட பழைய வண்டிகளே இன்றும் புதுப்பிக்கப்பட்டு ஓடுகின்றன. ஓட்டுநர் துணிக் கூரையைப் பின்னால் சுருட்டிவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சிகரம் வரை அண்ணாந்து பார்க்கலாம். 1933-இல் திறப்பு விழா கண்ட, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள ‘கோயிங் டு தி சன்’ சாலை மலைச்சரிவைக் குடைந்து போடப்பட்டது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கிப் பழகிய எனக்கே அங்கு வண்டியோட்டத் துணிவு வரவில்லை. காரை நாமே ஓட்டினால் சாலையை மட்டும்தான் பார்ப்போம். அதற்காகவே பேருந்துக் கட்டணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மேற்குப் பக்கம் மெக்டொனால்டு ஏரிக்கரையில் சிவப்பும் பச்சையுமாகக் கூழாங்கற்கள் தண்ணீருக்குள் தெரிகின்றன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த களிமண் இறுகிய கற்கள் அவை. ஆழமற்ற நீரில் ஆக்ஸிஜன் பட்ட இரும்பு சிவப்பாகவும், ஆழத்தில் அது கிடைக்காத இரும்பு பச்சையாகவும் நிறம் கொடுத்திருக்கிறது. கல்லை எடுத்துவர அனுமதியில்லை.

2,026 மீட்டர் உயரத்திலுள்ள லோகன் கணவாயில் வெள்ளை மலையாடுகளைக் காணலாம். அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் வழியில் ஜாக்சன் பனியாறு தொலைவில் தெரியும். இந்தச் சாலையிலிருந்து பனியாற்றைத் தொலைவில்தான் பார்க்க முடியும் என்பதைப் பலரும் அறியாமல் வருகிறார்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்த பயண முகவரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றே சொல்லியிருந்தார்; மகள் வற்புறுத்தியதால்தான் இன்னொரு நாள் தங்கினோம்.

அந்த இரண்டாம் நாளுக்காகத்தான் நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். மெனி கிளேசியர் பகுதியில் இரண்டு ஏரிகளைப் படகில் கடந்தபின், போகவர சுமார் 12 கிலோமீட்டர் நடந்தால் கிரின்னல் பனியாற்றை அடையலாம். பனி உருகித் தேங்கிய ஏரிக்கு மேலே எழும் பாறைச்சுவரில், மேலும் கீழும் வெள்ளைக் கோடு போட்டதுபோல ஒரு கருப்புப் பட்டை நீளமாக ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு இடையே நெருப்புக் குழம்பு புகுந்து, உறைந்து கருங்கல்லானது. அதன் சூட்டில் இருபுறமும் சுண்ணாம்புக்கல் வெளுத்துவிட்டது. நம் மாவட்டங்களில் வெட்டும் கருப்புக் கல்லும் இப்படிப் புகுந்த குழம்புதான், ஆனால் அது பாறையைப் பிளந்துகொண்டு செங்குத்தாக நிற்கும். அங்கே அடுக்குகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கிறது. எத்தனையோ பிளாக்குகளை அறுத்துப் பார்த்த என் கண்ணுக்கு, ஒரு மலையையே குறுக்காக அறுத்து வைத்தாற்போல அது தெரிந்தது. அரை மணி நேரம் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பனியைப் பார்க்க விரும்புவோர் காலம் தாழ்த்த வேண்டாம். பெயரிடப்பட்ட பனியாறுகளில், 0.1 சதுர கிலோமீட்டருக்குக் குறையாதவை 1966-இல் 35 இருந்தன. 2015-இல் 26 ஆகிவிட்டன.

மலைச்சாலையின் மேல்பகுதி பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோதான் திறக்கிறது. நடைபாதையில் அதன் பிறகும் பனி கிடக்கலாம் என்பதால் ஆகஸ்டே பொருத்தமான மாதம். பேருந்து இருக்கையையும் படகையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மூடாத கூரையில் காற்று கடுமையாக வீசும், ஆகவே பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லாய் கட்டாயம் வேண்டும்.