புகை தள்ளுற பழைய மினி டிராக்டருக்கு எந்த ஆயில்? 15டபிள்யூ40, 20டபிள்யூ40, 20டபிள்யூ50, மோனோ 40 நாலும் ஊத்திப் பாத்தாச்சு

எங்க தோப்புல ஓடுற மினி டிராக்டருக்கு பதினாறு வயசு ஆச்சுங்க. பதினெட்டரை எச்பி, மூணு சிலிண்டர் டீசல். ஆனைமலை பக்கம் நாலு ஏக்கர் தென்னை, நடுவுல கோகோவும் ஜாதிக்காயும் ஊடுபயிரா நிக்குது, பெரிய டிராக்டரை உள்ள விட்டா கோகோ கிளையெல்லாம் ஒடிச்சுப் போட்டுட்டு வரும், அதனால இந்த சின்ன வண்டியை விட்டா எங்களுக்கு வேற வழி இல்ல. ரொட்டவேட்டர் ஓட்டுறது, டிரெய்லர்ல காயும் மட்டையும் இழுக்குறதுன்னு வருஷத்துக்கு ஒரு முந்நூறு மணி நேரம் ஓடுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆயில் குடிக்க ஆரம்பிச்சது. லோடு ஏறுனா சைலன்சர்ல நீலமா புகை, வாரத்துக்கு ஒரு தடவை டாப்-அப். எஞ்சின் போர் பண்ண, அதாவது தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன், ரிங்கு போட, 55,000 ஆகும்னு சொன்னாங்க. அவ்ளோ போடறதுக்கு முன்னாடி ஆயிலை மாத்தி எவ்ளோ தூரம் ஓட்டலாம்னு பாத்துருவோம்னு நாலு ஆயிலை ஒண்ணு மாத்தி ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் 150 மணி நேரம் வச்சு ரெண்டு வருஷமா கணக்கு எழுதிட்டு வந்தேன். அதைத்தான் இங்க சொல்றேன்.

ஆயிலை மாத்தறதுக்கு முன்னாடி அது நிஜமாவே எரியுதா, இல்ல எங்கயாச்சும் ஒழுகுதான்னு பாத்துருங்க. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையை விரிச்சு வச்சா காலைல தெரிஞ்சுரும். ராத்திரி பூரா நின்னு காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்னுடுச்சுன்னா பெரும்பாலும் வால்வு சீல், லோடுல தொடர்ந்து வந்தா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கு, போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சது. புகை கறுப்பா வந்தா அது ஆயில் பிரச்சனையே இல்ல, டீசல் அதிகமாப் போகுது இல்லாட்டி ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. இன்னொன்னு, ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கற வண்டின்னா அந்த கிண்ணத்துல கோட்டுக்கு மேல ஆயில் ஊத்திருக்காங்களான்னு பாக்கோணும். எங்க வண்டில அப்படித்தான் ஊத்தி வச்சிருந்தாங்க, எஞ்சின் அதையும் சேத்து உறிஞ்சிட்டு இருந்துச்சு. கோட்டு அளவுக்கு கொறச்சதும், பத்து பைசா செலவில்லாம புகைல கொஞ்சம் அப்பவே கொறஞ்சுது. கணக்கு எழுத ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

டப்பா மேல இருக்கற நம்பரைப் பத்தி ரொம்ப இழுக்கல. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிருக்கு. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரிலயும் 20டபிள்யூவை மைனஸ் 15லயும் சோதிப்பாங்க. எங்கூருல மார்கழி விடியக்காலைல கூட 18 டிகிரிக்கு கீழ போறது அபூர்வம், அதனால அந்த முன் நம்பருக்காக கூடுதல் காசு கொடுக்கறதுல நமக்கு பிரயோஜனம் இல்ல. பின்னாடி இருக்கற 40, 50 தான் சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கறது. 100 டிகிரில 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள (ஆயில் கெட்டியை அளக்கற அலகு) இருந்தா 40, அதுக்கு மேல 21.9 வரைக்கும் 50. அப்ப 15டபிள்யூ40, 20டபிள்யூ40, மோனோ 40 மூணும் எஞ்சின் சூடானப்புறம் ஒரே வகுப்புதானே, அப்புறம் குடிக்கறதுல எப்படி வித்தியாசம் வரும்னு நானும் கேட்டேன்.

வித்தியாசம் வருது. 15டபிள்யூ40 மாதிரி ரெண்டு நம்பர் இருக்கற மல்டிகிரேடு எப்படி பண்றாங்கன்னா, லேசான அடிப்படை ஆயிலை எடுத்து, சூட்டுல அது நீத்துப் போகாம இருக்க பாலிமர் சேக்கறாங்க. முன் நம்பர் எவ்ளோ கொறையுதோ பொதுவா அடிப்படை ஆயில் அவ்ளோ லேசு. லேசான ஆயில் ரிங்குகிட்ட சூட்டுல சீக்கிரம் ஆவியாகும், தேஞ்ச ரிங்கு வழியா மேலயும் ஏறும். அந்த பாலிமரும் ஓட ஓட அறுபட்டு, நாள் ஆக ஆக ஆயில் கொஞ்சம் நீத்துப் போகும். ஒரே நம்பர் இருக்கற மோனோ 40ல அந்த பாலிமர் கிடையாது, அடிப்படை ஆயிலே கெட்டி. ஒண்ணு சொல்லிடறேன், சூடு 100 டிகிரியைத் தாண்டிப் போனா மோனோ கிரேடு மல்டியை விட வேகமா நீத்துப் போகும், பாலிமர் இல்லாததால. அதனால இது எல்லா எஞ்சினுக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்லமாட்டேன், எங்க வண்டில நடந்ததை சொல்றேன்.

அளந்த விதம் இதுதான். வாசல்ல கல்லு பாவின சமதரைல வண்டியை ராத்திரி நிறுத்திருவேன், காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக்கை உருவி, பழைய காடா துணில தொடச்சு, மறுபடி விட்டு எடுத்துப் பாப்பேன். எங்க வண்டில மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு லிட்டர். தண்ணி பாட்டில்ல நூறு நூறு மில்லிக்கு மார்க்கர்ல கோடு போட்டு, அதுல ஆயிலை எடுத்து மேல் கோடு வர்ற வரைக்கும் ஊத்துவேன், எவ்ளோ ஊத்துனேன், ஹவர் மீட்டர்ல எவ்ளோன்னு டூல் பாக்ஸ்ல வச்சிருக்கற நோட்டுல எழுதிருவேன்.

15டபிள்யூ40, சிஐ-4ங்கற தரம் போட்ட டீசல் ஆயில், எங்க கடைல லிட்டர் 380. ஒரு லிட்டர் குடிக்க 18 மணி நேரம். 20டபிள்யூ40 லிட்டர் 300, 23 மணி நேரம். 20டபிள்யூ50 லிட்டர் 420, 28 மணி நேரம். மோனோ 40 லிட்டர் 270, 27 மணி நேரம். மணிக்கு எவ்ளோ செலவுன்னு வகுத்துப் பாத்தா 21 ரூபா, 13 ரூபா, 15 ரூபா, 10 ரூபா. வருஷம் முந்நூறு மணி நேரத்துக்கு டாப்-அப்புக்கு மட்டும் 6,300, 3,900, 4,500, 3,000.

நான் மோனோ 40ல நின்னதுக்கு காரணம் இந்த கணக்குதான், இதை கொஞ்சம் விரிச்சு சொல்லோணும். கடைல எல்லாரும் சொல்றது என்னன்னா, விலை ஜாஸ்தியான ஆயில் ரொம்ப மணி நேரம் தாங்கும், தரமானது, அதைப் போடுங்கன்னு. எரிக்காத எஞ்சினுக்கு அது சரி. எங்க வண்டி சம்ப்ல (எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டி) நாலு லிட்டருக்கும் கம்மியாத்தான் பிடிக்கும். 150 மணி நேரத்துல மோனோ 40 அஞ்சரை லிட்டர் டாப்-அப் கேட்டுச்சு, 15டபிள்யூ40 எட்டு லிட்டருக்கு மேல கேட்டுச்சு. அதாவது ஒரு ஆயில் மாத்தறதுக்கும் அடுத்த ஆயில் மாத்தறதுக்கும் நடுவுலயே மொத்த சம்பும் ஒரு தடவைக்கு மேல புதுசா நிரம்பிருது! ஊத்துற ஆயில் உள்ள இருந்து பழசாகறதுக்கு நேரமே இல்ல, அதுக்குள்ள சைலன்சர் வழியா போயிருது. ரொம்ப நாள் தாங்குறதுக்காக கூடுதலா காசு கொடுத்துட்டு அந்த ஆயிலை நாள் தாங்கவே விடாம எரிக்கிறோம். புகை தள்ளுற வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ ஆயில் செலவாகுதுங்கறதுதான் கணக்கு, லிட்டர் விலையோ டப்பா மேல போட்டிருக்கற பெருமையோ இல்ல.

இன்னொரு விஷயம், செலவு கம்மின்னா மனுஷன் தயங்காம ஊத்துவான். 15டபிள்யூ40 ஓட்டுன காலத்துல எங்க தோப்புல வண்டி ஓட்டுற தம்பி, ஆயில் விலைக்கு பயந்து கீழ் கோடு வரைக்கும் விட்டு ஓட்டிருக்கான், ஒரு நா மேட்டுல டிரெய்லர் இழுக்கறப்போ ஆயில் லைட்டு மினுக் மினுக்னு எரிஞ்சதும்தான் என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, சாயங்காலம் ஊத்திக்கலாம்னு விட்டுட்டேங்ணா"ன்னான். அன்னைக்கு பேரிங் போயிருந்தா 55,000த்தோட நின்னுருக்காது. இப்ப இருபது லிட்டர் பக்கெட்டா மோனோ வாங்கி ஷெட்ல வச்சிருக்கேன், கோட்டுக்கு ஒரு விரக்கடை கொறஞ்சா அவனே ஊத்திருவான்.

மோனோ டப்பால பாக்கோணும்னா ஏபிஐ-ன்னு (அமெரிக்க பெட்ரோலிய சங்கத்தோட தரக் குறி) போட்டு பக்கத்துல சி-ல ஆரம்பிக்கற எழுத்து இருக்கோணும். எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல், சி-ல ஆரம்பிச்சா டீசல். எனக்கு கிடைச்சது சிஎஃப். அது 1994ல வந்த தரம், இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சாம பக்கத்து சின்ன அறைல பீச்சுற) டீசல் எஞ்சினையும் ரோட்டுக்கு வெளிய ஓடுற வண்டிகளையும் மனசுல வச்சு பண்ணது, எங்க எஞ்சின் அந்த வகைதான். 2002ல வந்த சிஐ-4 கரியை தாங்கறதுல இதைவிட நல்ல ஆயில், அதை மறுக்கல. 150 மணி நேரத்துல வடிச்சு மாத்திட்டு, நடுவுலயும் ஊத்திட்டே இருக்கறதால சிஎஃப் எனக்கு போதும்னு முடிவு பண்ணேன். டீசல்லயும் முன்ன மாதிரி கந்தகம் இல்ல, 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 மாசு விதி வந்ததுல இருந்து 10 பிபிஎம்தான், ஆயில்ல அமிலம் சேர்றதும் அந்த அளவுக்கு கம்மி. அதுக்காக டாப்-அப் பண்றோமே, மாத்த வேண்டாம்னு விட்றாதீங்க. கரியும் உலோகத் தூளும் சம்ப்லயேதான் தங்கும், ஃபில்டரோட சேத்து மாத்தியே ஆகோணும்.

மோனோல கஷ்டம் காலைலதான். தை மாசப் பனில ஸ்டார்ட்டர் கொஞ்சம் இழுத்துதான் சுத்தும், பேட்டரி வீக்கா இருந்தா முனகும். சிலிண்டரைச் சூடாக்கற ஹீட்டரை நல்லா போட்டு ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டுதான் லோடு கொடுக்கோணும். ஆயில் ஊத்தும்போதே தெரியும், வெல்லப்பாகு மாதிரி மெதுவா இறங்கும், அது கீழ போய் சேர ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் டிப் ஸ்டிக் பாக்கோணும், இல்லாட்டி கம்மியா காட்டி நீங்க மேல மேல ஊத்திருவீங்க.

மேல் கோட்டை தாண்டி ஊத்தறது டீசல் எஞ்சின்ல விளையாட்டு இல்லீங்க. தேஞ்ச எஞ்சின்ல ப்ளோ-பை (ரிங்கைத் தாண்டி கீழ இறங்குற வாயு) ஜாஸ்தி, கோட்டுக்கு மேல இருக்கற ஆயில் ப்ரீதர் (அந்த வாயு வெளிய போற குழாய்) வழியா இன்டேக்குக்கு (எஞ்சினுக்கு காத்து போற வழி) போச்சுன்னா எஞ்சின் அந்த ஆயிலையே எரிச்சுக்கிட்டு தானா ரேஸ் ஆகும். ஸ்டாப் நாப்பை இழுத்தாலும் நிக்காது, ஏன்னா அது டீசலை மட்டும்தான் நிறுத்தும். ஏர் இன்டேக்கை பலகை மாதிரி எதையாச்சும் வச்சு அடைச்சாத்தான் நிக்கும், கையை வச்சு அடைக்கப் போகாதீங்க.

20டபிள்யூ50 பத்தி நியாயமா சொல்லோணும்னா குடிக்கறது எல்லாத்தையும் விட அதுதான் கம்மி, புகையும் கண்ணுக்கு தெரியற அளவுக்கு கொறஞ்சுது, காலைல ஸ்டார்ட்டிங்கும் மோனோவை விட லேசு. பிரச்சனை கிடைக்கறதுதான். கடைல இருக்கற 20டபிள்யூ50 பாதிக்கு மேல பைக்குக்கும் பெட்ரோல் காருக்கும் உள்ளது, டீசல் தரம் போட்டது வேணும்னா பொள்ளாச்சி டவுனுக்கு போய் சொல்லி வச்சு வாங்க வேண்டியிருந்துச்சு. வாராவாரம் டாப்-அப் கேக்கற வண்டிக்கு, ஞாயித்துக்கிழமை கூட பக்கத்து கடைல கிடைக்கற ஆயில்தான் லாயக்கு. உங்க ஊர்ல சுலபமா, 350க்குள்ள கிடைச்சா அதை தாராளமா போடுங்க. மோனோ கிடைக்கலன்னா 20டபிள்யூ40, அது எந்த பெட்ரோல் பங்க்லயும் இருக்கும். சிந்தெடிக்கை நான் போட்டே பாக்கல, அந்த விலைக்கு எரிக்க மனசு வரல.

போடவே கூடாதது கியர் ஆயில். அரை லிட்டர் 90 நம்பர் ஆயில் கலந்தா புகை நின்னுரும்னு எனக்கும் ஒரு மெக்கானிக் சொல்லி, நானும் ஊத்துனேன், புகை நிக்கல, ரெண்டு நாள்ல வேற மாதிரி ஒரு நாத்தம் வந்துச்சு, மொத்தமா வடிச்சுட்டேன். 90ன்னா 40 மாதிரி ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைச்சுக்கறாங்க. கியர் ஆயிலுக்கு நம்பர் வரிசையே தனி, கியர் ஆயில் 90 எஞ்சின் ஆயில் 40, 50 அளவுக்குத்தான் கெட்டி. கெட்டியும் ஏறாது, அதுல பல்சக்கரத்துக்காக சேக்கற கந்தக மருந்து எஞ்சினுக்குள்ள இருக்கற செம்பு கலந்த புஷ்ஷையும் பேரிங்கையும் அரிக்கும்.

இதெல்லாம் டர்போ இல்லாத சின்ன எஞ்சின்ல ஓட்டிப் பாத்தது, அதுவும் ஒரே ஒரு வண்டி. டர்போ வண்டிக்கு நான் மோனோ போடமாட்டேன், அதுக்கு புக்ல சொன்ன மல்டிகிரேடுதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் வச்சிருக்கறவங்களுக்கும் மோனோ சரிவராதுன்னுதான் நினைக்கிறேன், அந்தக் குளிர்ல ஓட்டுன அனுபவம் எனக்கு இல்ல. நாலு ஆயிலும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு போட்டதால எஞ்சினும் நடுவுல கொஞ்சம் தேஞ்சிருக்கும், மோனோவைத்தான் கடைசியா போட்டேன், அப்படிப் பாத்தா அதுக்கு சாதகமில்லாத நேரத்துலதான் 27 மணி நேரம் வந்துருக்கு.

போர் பண்றதைப் பத்தியும் கேப்பீங்க. வருஷம் 3,000 ரூபா ஆயிலை மிச்சம் பிடிக்க 55,000 போட்டா பதினெட்டு வருஷம் ஆகும் திரும்பி வர. ஆயிலுக்காக மட்டும் எஞ்சினைப் பிரிக்க மாட்டேன். ஆனா கம்ப்ரஷன் கொறஞ்சு காலைல ஹீட்டர் ரெண்டு மூணு தடவை போட்டும் ஸ்டார்ட் ஆகலன்னாலோ, ரொட்டவேட்டர் போட்டா இழுவை பத்தலன்னாலோ அப்ப பிரிச்சுத்தான் ஆகோணும், எந்த ஆயிலும் அதை சரி பண்ணாது. விக்கற எண்ணம் இருந்தாலும் கணக்கு மாறும், நீலப் புகையைப் பாத்ததும் வாங்க வர்றவர் போர் செலவை அப்படியே விலைல கழிச்சுருவார். எங்களுக்கு விக்கற எண்ணம் இல்ல. போன வாரம் மோனோவே வடிச்சு மறுபடி மோனோவே ஊத்திருக்கேன், நோட்டுல புது பக்கம் ஆரம்பிச்சாச்சு, இன்னும் 150 மணி நேரம் கழிச்சு அந்த 27 கீழ இறங்கிருக்கான்னு பாக்கோணும், 20க்கு கீழ வந்தா அப்ப 20டபிள்யூ50தான் அடுத்து.