காவல் நிலைய வாசலில் நிற்கும் ஜாமீன் தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

விபத்து வழக்கில் வீட்டில் ஒருவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனால், வெளியே நிற்கும் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாங்கள் 35,000 கொடுத்தோம். அம்மாவின் வளையல்கள் இன்னும் அடகில் இருக்கின்றன.

சரக்கு வேன் ஓட்டும் என் தம்பி, திருப்பத்தில் ஒரு பைக்கை இடித்துவிட்டான். பைக்கில் வந்தவருக்குக் கையில் காயம். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (தாறுமாறாக வண்டி ஓட்டுதல்), 125(ஏ) (கவனக்குறைவால் காயப்படுத்துதல்) பிரிவுகளில் வழக்கு. எதிர்ப்புற டீக்கடையிலிருந்து எழுந்து வந்த ஒருவர் தன்னை வக்கீல் குமாஸ்தா என்றார். "சாயங்காலம் ரிமாண்ட் செய்துவிடுவார்கள் அம்மா. நாளை, மறுநாள் விடுமுறை. பையன் உள்ளேதான் இருக்க வேண்டும்" என்றார். பிள்ளை சிறைக்குப் போகிறான் என்று கேட்ட தாய் பிரிவு எண்ணையா ஆராய்ந்துகொண்டிருப்பார்? ரசீது கேட்டதற்கு, "இதற்கெல்லாம் ரசீது கிடையாது" என்றார். இரவே தம்பி வெளியே வந்தான், பிணைதாரராகச் சித்தப்பா போட்ட ஒரு கையெழுத்தில்.

அந்தக் கையெழுத்துக்குக் காசே தேவையில்லை. தம்பிமேல் போட்ட பிரிவுகள் இரண்டுமே ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். உயிரிழப்பு ஏற்பட்ட விபத்தில் போடும் 106(1) பிரிவும் அப்படித்தான். ஜாமீன் கொடுக்கத் தயாராக இருப்பவரை நிலையத்திலேயே விட வேண்டும் என்கிறது, குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு. பிணைதாரரைக் கொண்டுவர முடியாத ஏழை என்றால் சொந்தப் பிணைப் பத்திரமே போதும். ஜாமீன் பெறும் உரிமை உண்டு என்று கைதானவரிடம் சொல்வது காவலரின் கடமை; அது அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு அன்று வருமானம் ஏது? எங்கள் பயத்தைத்தான் அவர் விலைக்கு விற்றார்.

அவர் சேர்த்துவிட்ட வக்கீலும் வாய்தாவுக்கு இவ்வளவு என்றுதான் பேசினார். தள்ளிவைத்தால் பணம், முடித்தால் பணம் நின்றுவிடும். அப்படி இருக்கையில் வழக்கு நகரவே இல்லை. நேர்மையான வக்கீல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கியவரும் ஒரு வக்கீல்தான், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்.

முதலில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பிறகு சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவர் எவரானாலும், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அவருக்கு இலவச வக்கீல் உண்டு. இத்தகைய தரகர்களைப் பட்டியலிட மாவட்ட நீதிபதிக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 2023 திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. நாங்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டோம்.