கணினியியல் துறையின் இணையப் பாதுகாப்பு உரைத்தொடர்: ஒரு பருவம் கேட்டபின்

எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினியியல் துறை ஒவ்வொரு பருவத்திலும் இணையப் பாதுகாப்பு குறித்த ஆய்வுரைத் தொடர் ஒன்றை நடத்துகிறது. பாதுகாப்புத் துறையில் வேலை தேடுவோருக்கான நிகழ்வுகள் சிலவும் அதே தொடரின் பெயரிலேயே நடக்கின்றன. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான், சென்ற பருவத்தில் 11 உரைகளையும் 3 வேலைவாய்ப்பு நிகழ்வுகளையும் கடைசிவரை இருந்து கேட்டேன். வரும் பருவத்தில் இவற்றுக்கு நேரம் ஒதுக்கலாமா என்று இளநிலை மாணவர்கள் பலர் கேட்கிறார்கள் என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். உரைகளுக்குத் தயங்காமல் செல்லலாம். வேலைவாய்ப்பு நிகழ்வுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செல்ல வேண்டும்.

உரை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். அதில் 40 நிமிடம் பேச்சு, மீதி கேள்விகளுக்கு. தொடரின் முதல் உரை எனக்கு ஏமாற்றமளித்தது. 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற, தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் நிரல் பரவியதையும், அதே மாதத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் எனப்படும் அவசர உதவிக்குழு உருவானதையும் சொல்லித் தொடங்கிய பேச்சாளர், பிறகு ஆண்டுவாரியாகத் தாக்குதல்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போய் முடித்துவிட்டார். அந்தப் புழு கணினிகளைத் திணறடித்ததற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. 'இங்கே ஏற்கெனவே தொற்று இருக்கிறது' என்று ஒரு கணினி பதில் சொன்னாலும் ஏழில் ஒருமுறை அதைப் பொருட்படுத்தாமல் மீண்டும் நுழையும்படி அது எழுதப்பட்டிருந்தது. அதனால் ஒரே கணினியில் அதன் பிரதிகள் குவிந்துகொண்டே போயின. இந்த ஒரு செய்தியை விளக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தால் அன்றைய உரை மனதில் நின்றிருக்கும்.

இரண்டாவது உரையில் அந்தக் குறை நீங்கியது. 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவுதான் (ரகசிய நுழைவுவழி) அன்றைய பொருள். தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் சந்தேகப்பட்டுத் துருவியதில் அது அகப்பட்டது என்பது பலரும் அறிந்த கதை. பேச்சாளர் அந்தக் கதையை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, திரையில் இரண்டு கோப்புறைகளை அருகருகே திறந்து வைத்தார். ஒன்று எல்லோரும் பார்க்கக்கூடிய மூலநிரல் களஞ்சியம், மற்றொன்று 5.6.0 பதிப்பாக வெளியிடப்பட்ட சுருக்கக் கோப்பை விரித்தெடுத்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாம் நம்புகிறோம்; ஆனால் பின்கதவைத் தட்டி எழுப்பும் வரிகள் இரண்டாவதில் மட்டுமே இருந்தன. சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் கிடந்த இரண்டு கோப்புகளிலிருந்து, மென்பொருளைக் கட்டமைக்கும் நேரத்தில், நச்சுநிரல் படிப்படியாக எப்படி வெளியே எடுக்கப்படுகிறது என்பதை அவர் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிக் காட்டினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

நுட்பத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கடைசிக் கால் மணி நேரத்தை, ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய அந்த நபரோ குழுவோ இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்த விதத்துக்கு ஒதுக்கினார். ஊதியமின்றித் தனியாளாக அந்த மென்பொருளைப் பராமரித்து வந்தவர் சோர்ந்திருந்த வேளையில், முகம் தெரியாத சில கணக்குகள் 'வேலை தாமதமாகிறது, வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்' என்று நெருக்கிய மின்னஞ்சல்களைத் தேதி வரிசையில் படித்துக் காட்டினார். அதன்பின் நான் எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் நூலகத்தின் வெளியீட்டுக் கோப்பை அதன் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மாலைகளைச் செலவிட்டேன். வேறுபாடுகள் பல இருந்தன. எல்லாமே தானாக உருவாகும் கோப்புகள், தீங்கற்றவை. ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்ற எண்ணமே அந்த உரைக்கு முன் எனக்கு வந்ததில்லை.

இதற்கு இணையாக நான் வைக்கும் இன்னோர் உரை, எங்கள் துறையின் முனைவர் பட்ட மாணவி ஒருவர் குவாண்டம் கணினிகளைத் தாங்கும் குறியாக்கம் பற்றி நிகழ்த்தியது. 1994இல் பீட்டர் ஷோர் கண்ட வழிமுறை, போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் பூட்ட ஒன்று, திறக்க ஒன்று என இரு திறவுகோல்களைக் கொண்ட இன்றைய பொதுத்திறவுகோல் குறியாக்க முறைகளை உடைத்துவிடும் என்பதில் தொடங்கினார். இன்று சேமித்து வைக்கப்படும் மறைசெய்தியைப் பிற்காலத்தில் திறந்துகொள்ளலாம் என்பதால், அந்தக் கணினி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதையும் சொன்னார். இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்து அவர், குவாண்டம் கணினியைத் தாங்கும் என்று நம்பப்பட்ட சைக் என்ற முறையின் வீழ்ச்சியை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் வல்லுநர்களின் சோதனையைத் தாங்கி, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்திய தேர்வில் 2022 ஜூலையில் நான்காம் சுற்றுவரை வந்த முறை அது. அதே மாத இறுதியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரூ ஆகிய இருவர், சாதாரணக் கணினியின் ஒரே ஒரு செயலிக்கருவைக் கொண்டு அதன் ஒரு வடிவத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். தாக்குதலுக்கு உதவிய தேற்றம் 1997இலேயே வெளியாகியிருந்தது. குறியாக்கத்தோடு தொடர்பில்லாத தூய கணிதமாக அது கிடந்தது. உரையாற்றிய மாணவியின் முதலாண்டு ஆய்வு முழுவதும் சைக் முறையைச் சார்ந்தே நடந்ததாம். அது ஓர் இரவில் பயனற்றுப் போனதையும், பிறகு அவர் தன் ஆய்வுக் கேள்வியை மாற்றிக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னார். ஆய்வு என்ற வாழ்க்கை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு, அந்தப் பருவத்தின் எந்த வேலைவாய்ப்பு நிகழ்வையும்விட இந்தப் பத்து நிமிடம் கூடுதலாகச் சொல்லித்தந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் நடைமுறைக்கும் வந்தார். 2024 ஆகஸ்டில் நிஸ்ட் வெளியிட்ட மூன்று தரநிலைகளில் ஒன்றான எம்எல்-கெம் என்ற திறவுகோல் பரிமாற்ற முறையின் 768 என்ற வடிவத்தில் பொதுத்திறவுகோலின் நீளம் 1184 பைட்டு. இப்போது பரவலாகப் புழங்கும் எக்ஸ்25519 முறையிலோ அது வெறும் 32 பைட்டு. இந்த வேறுபாட்டால் இணைப்பின் முதல் பொட்டலத்திலேயே என்ன நெருக்கடி வருகிறது, சிறிய நினைவகம் கொண்ட கருவிகள் என்ன செய்யும் என்று அவர் விளக்கியபோது, எண்களுக்குப் பின்னால் உள்ள பொறியியல் வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

பயன்பாட்டெளிமை பற்றிய உரைக்குக் கூட்டம் குறைவு. அது நியாயமில்லை. 1999இல் விட்டன், டைகர் ஆகியோர் நடத்திய ஆய்வில் 12 பேருக்கு 90 நிமிடம் கொடுத்து, பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளால் ஒரு மின்னஞ்சலில் கையொப்பமிட்டுக் குறியாக்கமும் செய்யச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்கினரால்தான் சரியாகச் செய்ய முடிந்தது என்பதைச் சொல்லிவிட்டு, இன்றைய செய்திச் செயலிகள் அந்தப் பாடத்தை எந்த அளவுக்குக் கற்றுக்கொண்டன என்று பேச்சாளர் அலசினார். தவறு செய்த பயனரைக் குறைசொல்லும் பழக்கத்தை விடும்படி அவர் கேட்டுக்கொண்டது பாதுகாப்புத் துறைக்குள் நுழைய விரும்பும் எல்லோர் காதிலும் விழ வேண்டியது.

கேள்வி நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடரை ஒருங்கிணைக்கும் பேராசிரியர், முதல் இரண்டு கேள்விகள் மாணவர்களிடமிருந்தே வரவேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார். ஆசிரியர்கள் முந்திக்கொண்டு தங்களுக்குள் விவாதிப்பதைத் தடுக்க இதைவிட எளிய வழி இருக்க முடியாது. ஓர் இளநிலை மாணவி, 'ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துத் தெரிவித்தும் அவர்கள் பதிலே அனுப்பாவிட்டால் என்ன செய்வது?' என்று கேட்டாள். பேச்சாளர் பொதுவான அறிவுரை சொல்லி நகர்ந்துவிடவில்லை. முதல் மின்னஞ்சலில் என்னென்ன இருக்க வேண்டும், தேதிகளை ஏன் குறித்து வைக்க வேண்டும், நடுநிலையாக இணைத்துப் பேசும் செர்ட் போன்ற அமைப்புகளை எப்போது அணுக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, ஓட்டையைப் பகிரங்கமாக்குமுன் 90 நாள் கெடுவையும், கார்னெகி மெலனின் செர்ட் மையம் 45 நாள் கெடுவையும் பொதுவிதியாக வைத்திருப்பதையும், அந்த இரண்டு கணக்குகளுக்கும் பின்னாலுள்ள நியாயங்களையும் ஒப்பிட்டார். அனுமதியில்லாமல் பிறர் அமைப்புகளில் சோதனை செய்யக் கூடாது என்பதை மும்முறை வலியுறுத்தினார், அது மிகையில்லை.

உரைகளின் ஏற்பாட்டில் இரண்டு குறைகள் உண்டு. அறிவிப்பில் தரப்படும் சுருக்கம், எந்த அளவு முன்னறிவு தேவை என்பதைச் சொல்வதில்லை. கணினிச் செயலிகளில் (பிராசசர்) நேர அளவு போன்ற மறைமுகத் தடயங்களிலிருந்து ரகசியத்தை ஊகிக்கும் பக்கவழித் தாக்குதல் பற்றிய உரையில், 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைகளின் உள்விவரம் எல்லோருக்கும் தெரியும் என்று பேச்சாளர் எடுத்துக்கொண்டதால், பாதி அரங்கம் பத்தாவது நிமிடத்திலேயே பின்தங்கிவிட்டது. 'இயக்குதளப் பாடம் முடித்தவர்களுக்கு' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அடுத்தது, ஒளிப்பதிவுகள். 11 உரைகளில் 4 மட்டுமே பதிவாகின; எக்ஸ்இசட் உரை அதில் இல்லை.

இனி வேலைவாய்ப்பு நிகழ்வுகள். முதலாவது, நிறுவனங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கண்காட்சி. மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆள்சேர்ப்புப் பிரிவினர். 'உங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு மாதம் என்ன வேலை செய்வார்?' என்ற என் கேள்விக்கு ஒரே ஒரு மேசையில்தான் பதில் கிடைத்தது. தொடக்கநிலைப் பணி என்று தலைப்பிட்ட ஒரு விளம்பரத்தில் சிஐஎஸ்எஸ்பி என்ற பாதுகாப்பு வல்லுநர் சான்றிதழ் விரும்பத்தக்கது என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சான்றிதழை முழுமையாகப் பெறப் பொதுவாக 5 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். தேர்வை மட்டும் எழுதித் தேறியவருக்கு இணைநிலைத் தகுதியே கிடைக்கும். இதை அந்த மேசையில் சுட்டிக்காட்டியபோது, வந்து நின்ற மற்ற மாணவர்கள் தங்களுக்குத் தகுதியில்லை என்று நினைத்து ஏற்கெனவே நகர்ந்திருந்தார்கள். விளம்பரங்களைத் துறை முன்கூட்டியே படித்துப் பார்த்திருக்க வேண்டும். மாணவர்களைத் தேவையில்லாமல் மனம் தளரவைக்கும் ஒரு வரியைத் தன் அரங்கத்துக்குள் அனுமதித்த பொறுப்பு துறைக்கும் உண்டு.

இரண்டாவது, தன்விவரக் குறிப்பு எழுதும் பயிற்சி. அதில் சொன்னவை எந்தத் துறைக்கும் பொருந்தக்கூடியவை. பாதுகாப்புத் துறைக்கென எதுவும் இல்லை.

மூன்றாவது நிகழ்வு வேறு தரம். பணியில் இருக்கும் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் தாக்குதலுக்குப் பின் விசாரணை செய்பவர், ஒருவர் ஊடுருவல் சோதனையாளர், ஒருவர் கண்காணிப்பு மையத்தில் இரவுப்பணி பார்ப்பவர், ஒருவர் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் திருத்தங்களை நிறுவும் குழுவின் தலைவர். ஊடுருவல் சோதனையாளர் தன் வாரத்தில் பாதி நாள் அறிக்கை எழுதுவதிலேயே போகிறது என்றார். பெயர்களை நீக்கிய ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து, நல்ல கண்டுபிடிப்பு மோசமான மொழியால் எப்படிக் கவனிக்கப்படாமல் போகும் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். இரவுப்பணி பார்ப்பவர், வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்யானவை என்பதையும், அந்தச் சலிப்பைத் தாண்டி உண்மையான ஒன்றைப் பிடிப்பதே தன் திறமை என்பதையும் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது திருத்தக் குழுவின் தலைவர் சொன்னது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாகிரை என்ற நச்சுநிரல் 2017 மே 12 அன்று பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. 'இடையில் 59 நாள் இருந்ததே, ஏன் நிறுவவில்லை?' என்று மாணவர்களாகிய நாங்கள் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். நிறுத்தவே முடியாத மருத்துவக் கருவி, விற்பனையாளர் உத்தரவாதம் ரத்தாகும் என்று மிரட்டும் ஒப்பந்தம், இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாத பழைய சர்வர் என்று ஒவ்வொரு தடையையும் அவர் வரைந்து காட்டினார். பிறகு எங்களைக் குழுக்களாகப் பிரித்து, 20 கருவிகளின் பட்டியலைக் கொடுத்து, எதை முதலில் திருத்துவீர்கள் என்று அரைமணி நேரம் யோசிக்க வைத்தார். எங்கள் குழு தேர்ந்த முதல் கருவி தவறானது. வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒன்றை, அதன் ஓட்டையின் தீவிரத்துக்குத் தரப்பட்ட மதிப்பெண் உயர்ந்தது என்பதற்காக முன்னால் வைத்திருந்தோம். நிகழ்வு முடிந்து நடந்து வரும்போதும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வகை வேலைக்கு மதிப்பிருக்கிறது என்பதை எங்களில் பலர் அன்றுதான் அறிந்தார்கள். அதுவரை பாதுகாப்பு வேலை என்றால் ஊடுருவல் சோதனை ஒன்றே எங்கள் கற்பனையில் இருந்தது.

பின்னூட்டப் படிவத்தில் ஒரே ஒரு கோரிக்கையை எழுதினேன். கண்காட்சியின் நேரத்தைக் குறைத்துவிட்டு, ஆய்வுரை முடிந்த கையோடு அதே பொருளில் பணியாற்றும் ஒருவரை அரைமணி நேரம் மாணவர்களோடு உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அது. வரும் பருவத்தில் இரண்டு உரைகளுக்கு அப்படிச் செய்து பார்ப்பதாகத் துறையிலிருந்து பதில் வந்திருக்கிறது. முதலாவது ரோஹேமர் பற்றியது: நினைவகத்தின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகினால் பக்கத்து வரிசையில் உள்ள பிட்டுகள் மாறிவிடும் என்று 2014இல் காட்டப்பட்ட குறை. வன்பொருள் சோதனையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் அன்று உடனிருப்பார். நினைவகம் பற்றிய பாடத்தை முன்னதாக ஒருமுறை புரட்டிவிட்டுப் போனால் முழுப் பயனும் கிடைக்கும்.