சியாட்டில் கிராக்கன் ஜெர்சி: கான்செப்ட் வரைபவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது

ஐஸ் ஹாக்கி அணிகளுக்குக் கான்செப்ட் ஜெர்சி (அணி கேட்காமலே நாமாகக் கற்பனையில் வரைவது) வரைந்து பழகுபவர்கள், 2020-இல் வெளியான அமெரிக்க அணியான சியாட்டில் கிராக்கனின் (கிராக்கன் என்றால் கதைகளில் வரும் ராட்சதக் கடல் பிராணி) ஹோம் ஜெர்சியை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடர்ந்த கடல் நீலம், அதன் மேல் வெளிர் ஐஸ் நீலம். சிவப்பு மிகக் கொஞ்சம்தான், ஆனால் மார்பில் சின்னமாக இருக்கும் S எழுத்தின் உச்சியில் அந்த ஒற்றைக் கண்ணாக வந்து உட்காரும்போது பார்வை வேறெங்கும் போகாது. எழுத்துக்குள் விட்ட வெற்றிடத்தையே வளைந்து மேலேறும் ஆக்டோபஸ் கையாக மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வடிவமைப்பாளரின் கை தெரிகிறது! அந்த S சும்மா வந்ததும் இல்லை. 1917-இல் ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணியான சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸின் சின்னத்தை நினைவுபடுத்துவது.

குறை என்றால், நீலத்தின் மேல் நீலமாக வரும் பட்டைகள் தூரத்திலிருந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. திரையில் பெரிதாக்கி வரையும்போது இது தெரியவே தெரியாது, அதனால் உங்கள் கான்செப்டைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், திறந்தவெளியில் நடக்கும் விண்டர் கிளாசிக் ஆட்டத்துக்காக 2024-இல் கிராக்கன் அணிந்த ஜெர்சி. மெட்ரோபாலிடன்ஸ் பாணியில் குறுக்குப் பட்டைகள். எனக்கு ஹோம் ஜெர்சியைவிட இதுதான் பிடித்திருக்கிறது, வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள்.