கடலூர் வாடகை வீட்டில் ஒரு பவர் ஸ்டேஷன்: வாங்கி இரண்டு வருடம் தாண்டிய பிறகு

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (சார்ஜ் செய்து வைத்து, கரண்ட் போனால் சாமான்களை நேராக மாட்டி ஓட்டும் பேட்டரிப் பெட்டி) வாங்கலாமா என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டில் என்ன ஃபேன் ஓடுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளில் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதுதான்.

நாங்கள் இருப்பது கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருத்தெருவாகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள். அதை அனுபவித்தவர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் கூடுதலாக இரண்டு காரணம் உண்டு. அம்மாவுக்கு இழுப்பு, ராத்திரியில் நெபுலைசர் தேவைப்படும். அப்பாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

வழக்கமான யுபிஎஸ் ஏன் வாங்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யுபிஎஸ்ஸோடு வைக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் ஆசிட் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-அவர் இருக்கிறது (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்). ஆயுள் குறையாமல் இருக்க அதில் பாதி அளவுக்குத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். அப்படியும் என் பெட்டி தருவதற்குச் சமமாக வந்துவிடும், விலையோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆகவே சொந்த வீடு, பேட்டரி வைக்கக் காற்றோட்டமான இடம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஒரு ஆள், இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் டியூபுலருக்கே போங்கள். எங்களுடையது கீழ்த்தளத்து வாடகை வீடு. இன்னொருவர் வீட்டுச் சுவரை உடைத்து வயரிங் செய்ய முடியாது. ஆசிட் நிரப்பிய பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். வெள்ளம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது.

என் பெட்டி 1,024 வாட்-அவர் கொள்ளும், 13 கிலோ கனம். மின்வாரியக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட், அவ்வளவுதான். அந்த ஒரு யூனிட்டும் முழுசாகக் கைக்கு வராது. உள்ளே இருக்கும் டிசியை 230 வோல்ட் ஏசியாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வைத்துப் பார்த்ததில், புதிதாக இருந்தபோது 860 வாட்-அவர் போலக் கிடைத்தது. இப்போது 820 சொச்சம். கடலூர் வெயிலுக்கு இந்த இறக்கம் எனக்குத் திருப்திதான்.

உள்ளே இருப்பது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். பழைய மாடல் பெட்டிகளில் இருக்கும் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) லித்தியம் செல்லைவிட கனம் அதிகம், ஆனால் சூட்டில் கட்டுமீறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தச் செல்லின் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் அமெரிக்காவில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சிதான் இந்த வகைப் பொருள்களுக்கு வழி திறந்தது. அதைத் தொடர்ந்து 1997இல் குட்இனஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டை வெளியே கொண்டுவந்தது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம். பெட்டியைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அது ஒரு பெருமை.

சரி, ஃபேனுக்கு வருகிறேன். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட். வேகத்தை மூன்றாம் எண்ணில் வைத்தால் அதிலும் பாதிக்குக் கீழே. பழைய ஃபேன் இரண்டு, ஃபிரிட்ஜ், இரண்டு எல்இடி லைட், வைஃபை என்று ஓட்டினால் பெட்டி நாலு மணி நேரத்துக்கே மூச்சு வாங்கும். இரண்டு ஃபேனையும் பிஎல்டிசிக்கு மாற்றியதும் அதே பெட்டி ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. படுக்கையறை ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை மட்டும் என்றால் ஒரு ராத்திரி கழிந்துவிடும். இரண்டு ஃபேன் மாற்றச் சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. அதே அளவு கூடுதல் நேரத்தைப் பேட்டரியில் வாங்கப் போனால் பல பத்தாயிரம் ஆகும். கடையில் 2,000 வாட்-அவர் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினால், முதலில் ஃபேனை மாற்றிவிட்டு வந்து யோசியுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, பெட்டி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் கரண்ட். 230 வோல்ட் தரும் ஏசி சுவிட்சைப் போட்டுவைத்தாலே, எதுவும் மாட்டாவிட்டாலும் என் பெட்டி பத்துப் பன்னிரண்டு வாட் எடுக்கும். வைஃபை ரௌட்டர் எடுப்பதும் அவ்வளவுதான். ஆக, ரௌட்டருக்காக மட்டும் ஏசியைப் போட்டுவைப்பது வீண். என் ரௌட்டர் 12 வோல்ட்டில் ஓடுவது. பெட்டியின் 12 வோல்ட் டிசி துளையிலிருந்து நேராக ஒரு வயர் போட்டுவிட்டேன். வோல்ட்டேஜும் பிளஸ் மைனஸும் சரிபார்த்து மாட்ட வேண்டும், அது முக்கியம்.

எங்களுடையது 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மட்டும் கரண்ட் எகிறும், அப்புறம் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். நாள் முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்தான். நெபுலைசர் கால் மணி நேரம் ஓடினால் 25 வாட்-அவர் போகும், அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது வெட் கிரைண்டர். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான். அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருக்கும்போது மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் முன்பெல்லாம் மாவு அரைப்பது சாயங்காலத்துக்குப் போய்விடும். இப்போது அம்மா பெட்டியில் மாட்டி அரைத்துவிடுகிறார். மிக்ஸியும் ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், கீசர் பக்கம் போக வேண்டாம். ஒரு ஹெச்பி தண்ணீர் மோட்டாரும் ஓடாது, கிளம்பும்போது அது கேட்கும் கரண்டைப் பெட்டியால் தர முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் மாடித் தொட்டியை நிரப்புவதுதான் எங்கள் வழக்கம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் பல பகுதிகளில் புகுந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டு ஓனரின் மாடிக்குப் போனோம். மாடியில் இரண்டு குடும்பம். அந்த ஒரு யூனிட்டில் ஒரு ஃபேன், லைட், எல்லாருடைய போன், அம்மாவின் நெபுலைசர் என்று சமாளித்தோம். ஃபிரிட்ஜ் கீழேயே நின்றுவிட்டது. இன்சுலினை ஐஸ் வைத்த தெர்மாஸில் வைத்தோம். ஐஸை நேரடியாகத் தொடாமல் துணி சுற்றி வைப்பது அவசியம், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

சோலார் பேனல் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. என்னிடம் இருப்பது 200 வாட் மடிக்கிற பேனல். மாசி மாத நண்பகலில் மொட்டை மாடியில் சாய்த்து வைத்தால் 140, 150 வாட் வரும். சித்திரை வெயிலில் கூடும் என்று நினைப்போம், ஆனால் பேனல் சூடானால் உற்பத்தி குறையும். துணிக்கொடி நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூடச் சட்டென்று இறங்கிவிடும். புயல் கழிந்த மறுநாளின் மூட்டத்தில் 20, 30 வாட் வந்தாலே அதிகம். நமக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைகொடுக்காது. வெயில் அடிக்கத் தொடங்கியதும் நன்றாக உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புயலுக்கென்று பேனல் வாங்குகிறவர்கள் முதல் இரண்டு நாளைப் பேட்டரியை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டும். இன்னொன்று, வெயிலில் பேனல் மட்டும்தான் இருக்க வேண்டும். நீள வயர் போட்டுப் பெட்டியை நிழலில் வையுங்கள்.

வெளியில் கொண்டுபோனதில் சிறப்பாக உழைத்தது குலதெய்வக் கோயிலில். எங்கள் கோயில் ஒரு தோப்புக்குள் இருக்கிறது, கரண்ட் கிடையாது. முன்பு ஜெனரேட்டர் வரும், அதன் சத்தத்தில் பூசாரி சொல்வது யாருக்கும் கேட்காது. இப்போது சீரியல் லைட், சின்ன மைக் செட், சட்னிக்கு மிக்ஸி எல்லாம் பெட்டியில் ஓடுகின்றன. பொங்கல் பானைக்கு எட்டத் தள்ளி, ஒரு பலகை மேல் வைப்போம், மண்ணும் ஈரமும் உள்ளே போகக்கூடாது. மலைப்பக்கம் தங்கப் போனபோதும் எடுத்துப் போனோம். போன், கேமரா சார்ஜ் தவிரப் பெரிதாக வேலை இல்லை. அதற்கு நல்ல பவர் பேங்க் போதும்.

பராமரிப்பு எளிதுதான், ஆனால் நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. காற்று போகும் துளைகளில் எறும்பு கூடு வைக்கும், மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்ட வேண்டும். கடற்காற்றில் பிளக் பின்கள் பச்சை பூக்கும், துடைக்க வேண்டும். கோடையில் பெட்டியின் மொபைல் ஆப்பில் சார்ஜ் உச்சத்தை 80 சதவீதத்தில் நிறுத்திவைக்கிறேன், வெயிலில் முழு சார்ஜோடு கிடப்பது செல்லுக்கு நல்லதல்ல. ஐப்பசி பிறந்ததும் நூறாக்கிவிடுவேன். அவ்வப்போது நூறு வரை ஏற்றுவது இன்னொரு விதத்திலும் நல்லது. எல்எஃப்பியில் வோல்ட்டேஜ் கடைசி வரை பெரிதாக இறங்காது, அதனால் திரையில் காட்டும் சதவீதம் நாளாக ஆகத் தடம் மாறும். ஒருமுறை முழுசாக ஏற்றினால் சரியாகிவிடும். வேகமாகச் சார்ஜ் செய்ய வசதி இருந்தாலும் நான் 400 வாட்டில்தான் வைத்திருக்கிறேன். சத்தம் குறைவு, பழைய வீட்டு சாக்கெட்டும் சூடாகாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பின் உள்ள வயரைச் செய்து, பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குக் கொடுத்து வீடு முழுக்க லைட் எரியவைக்கும் வித்தையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த கரண்ட் தெருக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாகவும் மாறும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போய்விடும்.

எனக்கிருக்கும் மனக்குறை சர்வீஸ்தான். ஒரு வருடம் கழித்து உள்ளிருக்கும் விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வேறு மாநிலத்தில். லித்தியம் என்றதும் கூரியர்காரர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் லாரி பார்சலில் போய்த் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நல்லவேளை, அது மழைக்காலம் இல்லை. வாங்கும் முன் சர்வீஸ் எங்கே, போக வரச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இருக்கிறதா, ஜிஎஸ்டி பில் தருகிறார்களா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருவார் என்ற யோசனை வேண்டாம். 160 வாட்-அவருக்கு மேலான பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவரவே முடியாது. அமெரிக்கா, ஜப்பான் மாடல்கள் 120, 100 வோல்ட் தருபவை, நம் ஃபிரிட்ஜுக்கு ஆகாது.

மாடியில் அரசு மானியத்தோடு 3 கிலோவாட் சோலார் போட்டுவிட்டேன், எனக்கு இது தேவையில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது ஆன்கிரிட் வகை, அதாவது மின்வாரிய லைனோடு இணைந்து ஓடுவது. கரண்ட் போனதும், வெயில் எவ்வளவு அடித்தாலும், லைன்மேன் பாதுகாப்புக்காக அதுவும் தானாக நின்றுவிடும். இதைச் சொன்னதும் தன் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது ஃபேன் மாற்றிக்கொண்டிருக்கிறார்.