‘13 மாம்’ படியில் விழுந்த கதை: அமெரிக்காவின் காயக் கணக்கேட்டை நோண்டிப் பார்த்தேன்

போன மாதம் என் பையன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். ஒன்பது மாதக் குழந்தை. நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு எமர்ஜென்சியில் உட்கார்ந்திருந்தபோது அது அவ்வளவுதான் என்று எங்களுக்குத் தெரியாது. அதைவிட அங்கே கேட்ட கேள்விகள் எரிச்சலாக இருந்தன. எந்த மாதிரிக் கட்டில், எவ்வளவு உயரம், கீழே கார்பெட்டா மரத்தரையா, விழும்போது யார் பக்கத்தில் இருந்தது? பிள்ளையைப் பாருங்கள், கட்டிலின் ஜாதகம் எதற்கு என்று வாய்வரை வந்துவிட்டது. மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள், அடங்கிவிட்டேன்.

அந்தக் கட்டில் ஜாதகம் எங்கே போய்ச் சேருகிறது என்று வீட்டுக்கு வந்தபிறகு தேடியதில்தான் இந்தச் சேவை கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அதாவது சி.பி.எஸ்.சி., 1970களிலிருந்து நடத்திவரும் தேசிய மின்னணுக் காயக் கண்காணிப்பு அமைப்பு. பெயர் பத்தி நீளம், அதனால் எல்லோரும் முதலெழுத்துகளைச் சேர்த்து நெய்ஸ் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ரெண்டு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதிலேயே கிடந்ததால் ஒரு விமர்சனம் எழுதிவிடலாம் என்று தோன்றியது. மார்க் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மார்க்கை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது பின்னால்.

வேலை செய்யும் விதம் இதுதான். நாடு முழுக்க உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து சுமார் நூறு மருத்துவமனைகளை மாதிரியாக எடுத்திருக்கிறார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது, குழந்தைகளுக்கானது என்று பிரித்துப் பொறுக்கிய மாதிரி. அங்கே வரும் நோயாளிகளின் குறிப்புகளை அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் படித்து, ஏதாவது ஒரு பொருள் சம்பந்தப்பட்ட காயம் என்றால் ஒரு வரியாகப் பதிவு செய்கிறார்கள். வயது, பாலினம், எந்த உறுப்பு, என்ன காயம், எந்தப் பொருள், வீட்டுக்கு அனுப்பினார்களா வார்டில் சேர்த்தார்களா, கடைசியில் நடந்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில் ஒரு குறிப்பு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எடை உண்டு. அந்த ஒரு குழந்தை நாடு முழுக்க எத்தனை குழந்தைகளுக்காகப் பேசுகிறது என்பதுதான் அந்த எடை. குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வரும் வரிக்கு எடை குறைவு, சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வரிக்குப் பல மடங்கு அதிகம். எல்லாவற்றையும் கூட்டினால் தேசிய மதிப்பீடு கிடைத்துவிடும். நாங்கள் போன ஆஸ்பத்திரி அந்த நூறில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த தடவை (வேண்டவே வேண்டாம்) யாராவது கட்டில் உயரம் கேட்டால் அங்குலக் கணக்கில் சொல்வேன்.

பொருளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படிக்கு 1842, கட்டிலுக்கு 4076, துள்ளுமெத்தை என்கிற டிராம்போலினுக்கு 1233, காசுக்கு 1686. காசு எப்படிக் காயமாகும் என்று கேட்பவர் வீட்டில் தவழும் குழந்தை இல்லை என்று அர்த்தம். வயதுக் குறியீடுதான் முதலில் தலையைச் சுற்ற வைத்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மாதக் கணக்கில் எழுதி 200ஐக் கூட்டிவிடுகிறார்கள், அதனால் என் பையனின் வயது இங்கே 209. கோப்பை இறக்கி எக்செலில் திறந்தவுடன் அமெரிக்காவில் 209 வயதுத் தாத்தாக்கள் கட்டிலிலிருந்து விழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்து நான் திகைத்தது தனிக்கதை.

இன்னொரு தமாஷ். குறிப்புகளில் நிறைய இடத்தில் ‘13 மாம்’ என்று வருகிறது. பதின்மூன்று அம்மாக்கள் ஒரே நேரத்தில் படியில் விழுந்தார்களா என்று விழித்தேன். மாத வயது ஆண் குழந்தை என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம். அதாவது பதின்மூன்று மாதப் பையன்.

சரி, இந்தக் குறிப்புகள்தான் இந்தச் சேவையின் உயிர். எண்ணை மட்டும் பார்த்தால் படி ஆபத்து, கட்டில் ஆபத்து என்ற நமக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். வரி வரியாகப் படிக்கும்போதுதான் விஷயம் புரிகிறது. குழந்தை தனியாகப் படியில் விழுவது ஒரு வகை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும் பெரியவர் கால் தவறி இருவரும் விழுவது இன்னொரு வகை, கையில் பொம்மை பிடித்துக்கொண்டு இறங்கும் மூன்று வயது வேறொரு வகை. படியில் தடுப்புக் கேட் போட்டால் முதல் வகை நிற்கும், இரண்டாவது வகைக்கு அது எந்த வகையிலும் உதவாது, கைப்பிடியும் வெளிச்சமும்தான் உதவும். மொத்த எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காயத்தையும் தடுக்க முடியாது, எப்படி நடந்தது என்ற அந்த இரண்டு வாக்கியம் வேண்டும். ஆஸ்பத்திரியில் என்னை எரிச்சல்படுத்திய கேள்விகளின் மதிப்பு இதுதான்.

இது எதற்கு உதவியது என்று கேட்டால் குழந்தையை உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓடவிடும் வாக்கரைத்தான் காட்டுவேன். இந்த நெய்ஸ் தரவை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வந்தது. 1990லிருந்து 2014 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வாக்கர் காயத்தோடு வந்த, பதினைந்து மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 2,30,676 பேர் என்று மதிப்பிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி, நான்கில் மூன்று பேர் படியில் விழுந்தவர்கள். காரணம் எளிது: கால் வலுவில்லாத குழந்தைக்குச் சக்கரம் கொடுத்தால் அது ஒரு நொடியில் மூன்று அடிக்குமேல் போய்விடும், நாம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன்பே படியின் விளிம்பு வந்துவிடும். பக்கத்தில் ஆள் இருந்தும் விழுந்த குழந்தைகள்தான் அதிகம் என்பது இதனால்தான். 1997ல் தன்னார்வத் தரம் ஒன்று, அதாவது நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொள்ளும் விதி, வந்தது. வாக்கர் வாசலைவிட அகலமாக இருக்க வேண்டும், அல்லது படி விளிம்பில் சக்கரம் இறங்கினால் பிடித்து நிறுத்தும் அமைப்பு இருக்க வேண்டும். 1990ல் 20,650 ஆக இருந்த வருடாந்தரக் காயம் 2003ல் 3,201 ஆகிவிட்டது. 2010ல் தரத்தைக் கட்டாயமாக்கியபின் இன்னும் குறைந்தது. எங்கே, எதில், எப்படி விழுகிறார்கள் என்று வருடக்கணக்கில் யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்ததால்தான் ‘படி விளிம்பு’ என்ற இடத்தில் கைவைக்க முடிந்தது.

கனடாக்காரர்கள் அதற்குமேல் போய்விட்டார்கள். அங்கே 1990லிருந்து இதேபோல் ஒரு அமைப்பு இருக்கிறது, கூடுதல் விசேஷம் என்னவென்றால் என்ன நடந்தது என்பதைக் காயம்பட்டவரோ கூட வந்தவரோ தங்கள் சொந்த வார்த்தையில் படிவத்தில் எழுதுவது. 2004 ஏப்ரலில் வாக்கரையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள், விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். அமெரிக்காவில் இன்னும் விற்பனைக்கு உண்டு, குழந்தை மருத்துவர்கள் சங்கம் தடை கேட்டும் கூட.

இதை அம்மாவிடம் வீடியோ காலில் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “நடைவண்டி தள்ளித்தானேடா நீயே நடந்தே, உனக்கு என்ன ஆச்சு?” என்றாள். அம்மா சொல்வது மூன்று சக்கர மரவண்டி, குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவது. அது வேறு, இது வேறு. அதில் குழந்தை தன் காலால் நிற்க வேண்டும். இதில் தொங்கிக்கொண்டு பறக்கும். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதால் அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

இப்போது பிடித்துக்கொண்ட அந்த ஒரு மார்க்.

எந்த பிராண்டு என்று இதில் தெரியாது. பொருளின் வகை மட்டும்தான். எந்த கட்டில் வாங்கலாம், எந்த கேட் வாங்கக்கூடாது என்று தேடி வருபவருக்கு இது பிரயோஜனமில்லை. நிறுவனத்தின் பெயரை ஆணையம் வெளியே சொல்வதற்கே அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் 6பி பிரிவு ஏகப்பட்ட முட்டுக்கட்டை போட்டிருக்கிறது, முதலில் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தி அதன் பதிலைக் கேட்க வேண்டும். அது பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்தால் எரிச்சல்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால்தான் கணக்கு. பக்கத்துத் தெரு கிளினிக்கில் தையல் போட்டால் வராது. வீட்டிலேயே உயிர் போன குழந்தைகள், குறிப்பாக நீரில் மூழ்கியவர்கள், இங்கே சரியாகத் தெரியமாட்டார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் ஒரு பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கும் இல்லை. கட்டிலில் விழுந்தவர்கள் இவ்வளவு பேர், துள்ளுமெத்தையில் விழுந்தவர்கள் அதைவிடக் குறைவு, ஆகவே துள்ளுமெத்தை பத்திரம் என்று யாராவது சமூக ஊடகத்தில் படம் வரைந்து போட்டால் நம்பாதீர்கள். கட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தினமும் இருக்கிறது.

அப்புறம், சின்ன எண்களை வைத்து வீரம் பேசக்கூடாது. மதிப்பீடு 1,200க்குக் கீழே இருந்தாலோ, அதற்குப் பின்னால் இருக்கும் வரிகள் 20க்குக் குறைவாக இருந்தாலோ, மாறுபாட்டுக் கெழு (மதிப்பீடு எவ்வளவு முன்னே பின்னே ஆடும் என்று காட்டும் அளவு) 33 சதவீதத்தைத் தாண்டினாலோ அது நிலையான எண் இல்லை என்று ஆணையமே சொல்கிறது. நான் முதல் நாளே ஒரு வகை பீரோவைப் பற்றி பதினோரு வரியை வைத்துக்கொண்டு மனைவியிடம் ஆய்வறிக்கை வாசித்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “மொத்தமே பதினொண்ணுதானா?” பெருமையாக இருக்கிறது, கூடவே கொஞ்சம் அவமானமாகவும்.

தரவு உடனுக்குடனும் வராது. இந்த வருடம் நடந்ததை அடுத்த வருடம்தான் பார்க்க முடியும். புதிதாக ஒரு ஆபத்தான பொம்மை சந்தைக்கு வந்தால் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரம் ஆகிவிடும். அதற்கு அதே ஆணையத்தின் இன்னொரு சேவை இருக்கிறது, சேஃபர் ப்ராடக்ட்ஸ், 2011ல் தொடங்கியது. பொருளால் ஆபத்து ஏற்பட்டவர்களும் மருத்துவர்களும் நேரடியாக எழுதலாம், இங்கே பிராண்டு பெயர் உண்டு. எழுதியது ஐந்து வேலைநாளுக்குள் நிறுவனத்துக்குப் போகும், அதிலிருந்து பத்தாவது வேலைநாளில் பொதுவுக்கு வரும். ஆனால் யார் எழுதியதையும் நிரூபித்துவிட்டு வெளியிடுவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். திரும்பப் பெறும் பொருள்களின் அறிவிப்பை மின்னஞ்சலில் வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் மற்றதெல்லாம் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். செகண்ட்ஹாண்டில் தொட்டில் வாங்குபவர்கள் வாங்கும் முன் ஒருமுறை தேடிவிட்டு வாங்குங்கள்.

நான் என்ன செய்தேன்? கேட் எண்ணையும் படி எண்ணையும் சேர்த்துத் தேடினேன். அழுத்தத்தில் நிற்கும் கேட்டை, அதாவது சுவரில் ஆணி இல்லாமல் இரண்டு பக்கமும் இறுக்கிவிடும் வகையை, படியின் மேல்முனையில் வைக்கக்கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் வைத்திருந்தது அதையே, அதே இடத்தில். குழந்தை சாய்ந்தால் கேட்டோடு கீழே போகும். வரிகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் தள்ளிப் பார்த்தேன், என் ஒரு கைக்கே ஆடியது. அன்றிரவே கழற்றிப் படியின் அடியில் வைத்துவிட்டு, மேலே இரண்டு நாள் சாப்பாட்டு நாற்காலிகளைக் குறுக்கே போட்டோம், அதில் நான்தான் தடுக்கி விழுந்தேன். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் கேட் வந்து பெட்டியோடு நிற்கிறது. வாடகை வீடு, ஓட்டை போட ஓனரிடம் அனுமதி கேட்டு மெயில் அனுப்பி நான்கு நாளாகிறது. ட்ரில்லை சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.