பக்கி டயருக்கு எப்போதும் 3 பாரா, கதவு ஸ்டிக்கரா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே எங்கள் டொங்காட் பக்கம், பின்னால் சுமை ஏற்றும் பிக்கப் வண்டியை யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை, பக்கிதான். அதில் எல்லோரும் ஒன்று. டயருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கணக்கு.

மாமாவுக்கு ஒரே கணக்கு. பெட்ரோல் போடும் பையன் கேட்கும் முன்பே மூன்று விரலைக் காட்டுவார். நாலு டயருக்கும் 3 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு), வருஷம் முழுக்க. கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவர், பயம் நியாயமானதுதான். பாரத்தோடு காற்று குறைவாக ஓடினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான்.

ஆனால் சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டி காலி. பின்பக்கம் எடையே இல்லை, சுமையைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கோ விறைப்பு. போதாததற்கு டயரும் கல் மாதிரி இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் துள்ளும், ரோட்டைப் பிடிக்காது. டர்பனின் கோடை மழையில் வளைவில் இது விளையாட்டு இல்லை. போன மாதம் மாமாவின் பின் டயர்களைக் கழற்றியபோது பார்த்தேன்: நடுவில் மொட்டை, இரண்டு ஓரத்திலும் நகம் இறங்கும் அளவு பள்ளம் மிச்சம். பாதி டயர் வீண்.

நான் ஸ்டிக்கர் கட்சி. எவ்வளவு காற்று என்று வண்டிக் கம்பெனியே சொல்லும் ஸ்டிக்கர், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். என் வண்டியில் அதில் இரண்டு வரிசை: காலியாக ஓட்டினால் ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. நான் பல நாள் முதல் வரிசையை மட்டும் பார்த்தவன். வீட்டு வேலைக்கு அரை டன் மணலை அதே காற்றில் ஏற்றிப் போய், வழியில் நிறுத்திப் பின் டயரைத் தொட்டேன். சுட்டது, கையை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு மாமா கணக்குதான் சரி.

டயரின் மேலேயே எழுதியிருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்குச் சொன்னது அல்ல.

எந்தக் கட்சியானாலும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் காற்று கூடித்தான் காட்டும், அதைத் திறந்துவிடாதீர்கள். டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் போனால் இன்னொரு வேடிக்கை. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால், ஒன்றும் செய்யாமலே காற்றை அளக்கும் கேஜ் ஏறக்குறைய 0.2 பார் கூட்டிக் காட்டும். குளிர்கால விடியலானால் 10 டிகிரி குறைவுக்கு 0.1 பார் வீதம் அதுவே இறங்கிவிடும். வடக்கே மொசாம்பிக் எல்லையோரக் கடற்கரையில், கோசி பே பக்கத்து மணல் தடம் தனிக் கதை. அங்கே 1.2 பார் வரை இறக்கலாம், தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்றியே ஆக வேண்டும்.

என் தீர்ப்பு: சுமை ஏற்றும் நாளில் இரண்டாவது வரிசை, காலி நாளில் முதல் வரிசை. தினம் ஏற்றி இறக்க அலுப்பாக இருந்தால், வாரத்தில் ஐந்து நாள் சுமை ஏற்றுகிறவர் பின்னால் முழுச் சுமைக் காற்றையே வைத்துக்கொள்ளட்டும். முன்னால் மட்டும் ஸ்டிக்கரை மீறாதீர்கள்.

மாமா நம்பவில்லை. முன் டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, அவரையே நேராக நூறு மீட்டர் ஓட்டச் சொன்னேன். நடுவில் மட்டும் அழிந்திருந்தது. குனிந்து பார்த்தார். "சரி, முன்னால குறைச்சுக்கோ. பின்னால கை வைக்காதே."